அப்பாவின் காசு ‘ராயரி’டம் இருக்கிறதாம்!



சென்ற ஆண்டு பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை. கிள்ளானில் நமது சங்கக் கிளையைத் திறந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தோம். படியேறி ஓர் அக்கா வந்தார். வயது ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்றோம். உட்காரவில்லை.

“தலைவரே, முன்ன கிள்ளான்ல ராயர்னு ஒருத்தர் வட்டிக்கடை வச்சிருந்தாரா? பழைய ஆளுங்க யாருக்காச்சும் தெரியுமா?”

நமக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது. கிள்ளானில் செட்டியார் கடை தெரியும், அடகுக் கடை தெரியும், நகைக்கடை தெரியும். ராயர் என்று யாரையும் கேள்விப்பட்டதில்லை. எதற்காகத் தேடுகிறீர்கள் என்று கேட்டோம். அப்போதுதான் அக்கா உட்கார்ந்தார்.

அவருடைய அப்பா, கிள்ளானுக்கும் காப்பாருக்கும் நடுவிலிருந்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1983-இல் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். அக்காவுக்கு அப்போது எட்டு வயது. தம்பிக்கு ஐந்து. அம்மா அதே தோட்டத்தில் வெட்டுக்காட்டுக்குப் போய் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார்.

“அம்மா சாகுற வரைக்கும் ஒரே பேச்சுதாங்க. ‘ஒங்கப்பா காசு ராயாகிட்ட இருக்கு, நீங்க பெரியாளானா குடுப்பாங்க’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். நாங்க ரெண்டு பேரும் ராயர் தாத்தான்னு யாரோ பணக்காரரு இருக்காருன்னு நெனைச்சுக்கிட்டோம். தீவாளிக்குச் சட்டை எடுக்கலன்னா எந்தம்பி வாசப்படியில போயி உக்காந்துக்குவான். ராயர் தாத்தா காடியில வருவாருன்னு.”

அம்மா அதற்கு முந்திய கார்த்திகையில் காலமானார். கருமாதி முடிந்து சாமான்களை ஒதுக்கும்போது, சாமிப் படத்துக்குப் பின்னால் இந்த டின் அகப்பட்டது. பூட்டுப் போட முடியாத டின்னைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார் அந்த அம்மாள். யாரையும் தொட விட்டதில்லை. படித்தவன் எவனாவது பார்த்தால் ஏமாற்றிவிடுவான் என்கிற பயம். கைநாட்டு வைத்தே வாழ்ந்த நம் தாய்மார்களுக்கு இந்தப் பயம் வந்தது எப்படி என்று நாம் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

டின்னைத் திறந்தோம். அப்பாவின் சூராட் மத்தி. நான்காய் மடித்துக் கிழிந்துபோன ஒரு பிறப்புப் பத்திரம். தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம் ஒன்று. தாத்தா பெயரில், பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய ரசீதுகள் சில. அடியில் ஒரு பழுப்பு உறை. உள்ளே அரசாங்க முத்திரையோடு மலாய்க் கடிதம். தலைப்பைப் படித்ததும் நமக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

‘பெமெகாங் அமானா ராயா.’

ராயர் அகப்பட்டுவிட்டார்!

அமானா ராயா என்பது ஆளல்ல தோழர்களே, ஆபீசு. பொது அறங்காவலர் என்று நல்ல தமிழில் சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்தில், 1921-இல் தொடங்கியது. இறந்தவர்களின் சொத்தை ஒழுங்கு செய்து வாரிசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும், வயது வராத பிள்ளைகளின் பங்கை அவர்கள் பெரியவர்களாகும் வரை காப்பாற்றி வைப்பதும் அதன் வேலை. 1995-இல் அரசாங்கத்துக்குச் சொந்தமான கம்பெனியாக மாற்றி, ‘அமானா ராயா பெர்ஹாட்’ என்று பெயர் வைத்தார்கள். தலைமையகம் கோலாலம்பூரில் இருக்கிறது, மாநிலங்களில் கிளைகளும் உண்டு.

டிரஸ்டு என்றதும் கோடீசுவரன் வீட்டுச் சமாசாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். சினிமாவில் மட்டுந்தான் அப்பன் டிரஸ்டு எழுதி வைப்பான் என்று நினைக்கிறார்கள். பால்மரம் வெட்டியவனின் பிள்ளைக்கும் டிரஸ்டு உண்டு. அவனே எழுதி வைக்காவிட்டாலும், சட்டம் எழுதி வைத்துவிடுகிறது. அது எப்படி நடக்கிறது என்பதை இந்த டின்னில் இருந்த கடிதத்தை வைத்தே சொல்கிறோம், கேளுங்கள்.

அப்பாவுக்கு இ.பி.எப். காசு இருந்தது. 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது நமது ஊழியர் சேமநிதி. (இந்தியாவில் 1952-லும், சிங்கப்பூரில் 1955-லும், இலங்கையில் 1958-லும் இதே மாதிரி நிதிகள் வந்தன. அந்த வகையில் நாம் முந்திக்கொண்டவர்கள்.) தோட்டத்தில் சேர்ந்த புதிதில், கலியாணத்துக்கு முன்னே, ஆபீசு கிராணி நோமினி யார் என்று கேட்டிருக்கிறார். பையன் தன் தாயார் பெயரைச் சொல்லியிருக்கிறான். நியாயந்தானே? அதன் பிறகு கலியாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன, தாயாரும் காலமானார். பெயரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நோமினி முன்னதாக இறந்துவிட்டால் அந்த நியமனம் செல்லாது. ஆகவே 1983-இல் அப்பா இறந்தபோது, அந்தக் காசுக்கு நோமினி இல்லை. உயிலும் கிடையாது. பணம் பங்கீட்டுக்காக அமானா ராயாவுக்குப் போயிற்று.

முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படிதான் சொத்து பிரியும். அன்றைய கணக்குப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பாகம், பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பாகம். 1997-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது இறந்தவரின் தாய் தகப்பன் உயிரோடு இருந்தால் அவர்களுக்கு நாலில் ஒன்று, மனைவிக்கு நாலில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. தாய் தகப்பன் இல்லையென்றால் பழைய மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு கணக்குத்தான். மூத்த மகனுக்குத்தான் எல்லாம், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு ஒன்றும் இல்லை என்று லயத்துப் பெரியவர்கள் சொல்லும் சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம பங்கு.

ஆக, அம்மாவுக்கு அவருடைய மூன்றில் ஒரு பாகம் அப்போதே கிடைத்தது. காரியச் செலவுக்கும் கடைக் கடனுக்கும் சரியாகப் போயிற்று என்று அக்கா சொன்னார். அக்காவுக்கு ஒரு பாகம், தம்பிக்கு ஒரு பாகம். இரண்டு பேரும் பதினெட்டு வயதுக்குக் கீழே. ஆகவே அந்த இரண்டு பாகமும் அமானா ராயாவிலேயே தங்கிவிட்டது. கடிதம் சொன்னது அதைத்தான். அந்த அம்மாள் பிள்ளைகளுக்குச் சொன்னதும் அதைத்தான், ஒரு சொல் தவறாமல். “ராயாகிட்ட இருக்கு. பெரியாளானா குடுப்பாங்க.” எழுதப் படிக்கத் தெரியாதவர், கிராணி ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னதை நாற்பது வருடம் மறக்காமல் வைத்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த நாம்தான் ராயா என்பதை ராயர் ஆக்கிவிட்டோம்.

சரி, அக்காவுக்குப் பதினெட்டு வயது 1993-இல் வந்துவிட்டதே, ஏன் பணம் வரவில்லை? பணம் தானாக வருவதில்லை. நாம் போய்க் கேட்க வேண்டும். கடிதம் போட்டிருந்தாலும் எந்த விலாசத்துக்கு வரும்? தோட்டத்து விலாசத்துக்கு. அந்தத் தோட்டம் 1995-இல் வீடமைப்புக்குக் கைமாறிவிட்டது. லயம் இல்லை, ஆபீசு இல்லை, தபால் பை தொங்கிய ஆணிகூட இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இதே கதைதானே? எபிங்ஹாம் தோட்டம் இன்று பண்டார் உத்தாமா. கின்ராரா தோட்டம் பண்டார் கின்ராரா. புக்கிட் ராஜா தோட்டத்தில் பண்டார் புக்கிட் ராஜா. பிராங் புசார் தோட்டம் நாட்டின் நிர்வாகத் தலைநகரமாகவே ஆகிவிட்டது, புத்ராஜெயா! விலாசம் அழிந்துபோன சனம் நாம். விலாசம் அழிந்தால் வாரிசுக் கடிதமும் அழிந்துபோகிறது.

இனி, நம்மிடம் வருவதற்கு முன்னால் அக்கா எங்கே போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இது பலருக்கும் நடப்பது.

யாரோ சொன்னார்கள் என்று பிரிக்பீல்ட்சுக்குப் போயிருக்கிறார். கடைக்கு மேலே மாடி அறையில் ஒருவர். சட்டைப் பையில் மூன்று பேனா. “உங்கப்பா பேர்ல பெரிய டிரஸ்ட் பண்டு இருக்குமா. நான் எடுத்துத் தர்றேன். முன்பணம் முந்நூறு வெள்ளி, வர்ற காசுல நூத்துக்கு முப்பது எனக்கு” என்றாராம். டின்னில் இருந்த கடிதத்தை அவரிடம் காட்டினீர்களா என்று கேட்டோம். காட்டவில்லையாம். அம்மாவின் பயம் பெண்ணுக்கும் ஒட்டிக்கொண்டது நல்லதாகப் போயிற்று. முந்நூறு வெள்ளியைக் கொடுத்துவிட்டார். மூன்று மாதம் கழித்துப் போனால் மாடி அறையில் வேறு யாரோ தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார்களாம்.

தோழர்களே, இறந்தவரின் காசு இருக்கிறதா என்று கேட்பதற்கு இந்த நாட்டில் தரகர் வேண்டியதில்லை. கேட்பவர் வாரிசு என்று காட்டும் பத்திரம் இருந்தால் போதும். நமக்கு மலாய் சரியாக வரவில்லையே என்று தயங்கினால், படிக்கிற பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் சங்கக் கிளைக்கு வாருங்கள்.

அக்காவைக் கூட்டிக்கொண்டு நாமே போனோம். கடிதத்தில் கோப்பு எண் இருந்ததால் பாதி வேலை முடிந்த மாதிரி. மீதிப் பாதிதான் இழுத்தது. பெயர்! பிறப்புப் பத்திரத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாளக் கார்டில் வேறு எழுத்துக்கூட்டு. அப்பாவின் பெயரோ சூராட் மத்தியில் மூன்றாவது மாதிரி. லெட்சுமியை ரூமி எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று நம் கிராணிமார்கள் ஒரு போட்டியே நடத்தியிருக்கிறார்கள். முனியம்மா, முனியாம்மா, மினியம்மா எல்லாம் ஒரே பெண்மணி. அப்பன் பெயருக்குப் பதில் தாத்தா பெயரைப் போட்டுவிட்டதும் உண்டு, கங்காணி பெயரைப் போட்டதும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் ஒரு பிரமாணம் செய்ய வேண்டும். அத்தோடு பழைய ஆதாரம் ஏதாவது இருந்தால் பலம். அக்கா படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளி, தோட்டம் போன பிறகு ஊருக்குள் இடம் மாறி இன்றும் நடக்கிறது. பழைய மாணவர் பதிவேட்டைப் பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியை தூசு தட்டி எடுத்துக் கொடுத்தார். அதில் அக்காவின் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் அழகான தமிழ்க் கையெழுத்தில் இருந்தது. ‘பால்வெட்டு’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து அக்கா அந்த ஏட்டைத் தடவிக்கொண்டே நின்றார். பள்ளிக்கூடம் எதற்கு, மூடிவிடலாம் என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

பத்திரம் தொலைந்துபோனவர்களும் கலங்க வேண்டாம். பிறப்பு, இறப்பு இரண்டுக்கும் தேசியப் பதிவிலாகாவில் நகல் எடுக்கலாம். தாய் தகப்பன் கலியாணம் பதிவாகவில்லையே என்று சிலர் கேட்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1982 மார்ச் 1-ஆம் நாள். அதற்கு முன்பு கோயிலிலோ வீட்டிலோ வழக்கப்படி தாலி கட்டிய கலியாணம் சட்டப்படி செல்லும். நடந்ததற்குச் சாட்சி வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கலியாணத்தில் சாப்பிட்ட பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அந்தக் காரியத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் அக்காவுக்குப் பணம் வந்தது. எவ்வளவு என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1983-இல் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் சேமநிதியில் மூன்றில் ஒன்று என்ன இருக்கும், அதன்மேல் சேர்ந்தது என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு வாங்குகிற காசு இல்லை. மகளுக்கு நர்சிங் படிப்பின் கடைசி வருடக் கட்டணத்தைக் கட்டினார். மிச்சத்தில் அப்பாவின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டார். அடையாளக் கார்டிலிருந்து எடுத்த படம் அது. அவருடைய படம் என்று வேறு எதுவும் அந்த வீட்டில் கிடையாது.

டின்னில் இருந்த மற்றவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இவற்றில் ஏதாவது ஒன்று கிடக்கும்.

தபாலாபீஸ் புத்தகம். தபால் நிலையச் சேமிப்பு வங்கி 1974 டிசம்பர் 1-ஆம் நாள் பேங்க் சிம்பானான் நேசனல் ஆக மாறிற்று. ஆகவே அங்கே போய்க் கேட்க வேண்டும். எந்த வங்கியானாலும் ஏழு வருடம் கணக்கில் போடல் எடுத்தல் இல்லையென்றால், அந்தப் பணம் 1965-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை கோரப்படாத பணங்களின் பதிவாளரிடம் போய்ச் சேரும். தலைமைக் கணக்காளர் துறை இதைப் பார்த்துக்கொள்கிறது. இறந்தவரின் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டுத் தேட ‘இ-கூமிஸ்’ என்று ஓர் இணைய வாசல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கைப்பேசியில் படம் பார்க்கிற நேரத்தில் ஐந்து நிமிடம் தாத்தா பாட்டியின் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கார்டு எண், புது எண் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அரசாங்கத்திடம் போய்விட்டது, இனி நமக்கில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது வாரிசு வந்து கேட்கக் காத்திருக்கும் பணம். இன்சூரன்சு ஏஜண்டு லயத்துக்கு வந்து மாதாமாதம் வாங்கிப் போனானே, அந்தப் பணத்தைக் கம்பெனி கொடுக்க வேண்டியிருந்து யாரும் வாங்காமல் விட்டிருந்தால், அதுவும் அங்கேதான் போகும்.

பத்து வெள்ளி ரசீதுகள்! இதைக் கையில் எடுத்தபோது நமக்கே தொண்டை அடைத்தது.

சுதந்திரம் கிடைத்த கையோடு, வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகக் கூறு போட்டார்கள். மூன்று தலைமுறை இருந்த சனத்தை மூட்டை கட்டச் சொன்னார்கள். அந்தத் துண்டாடலை நிறுத்த, தொழிலாளியே தோட்டத்தை வாங்க வேண்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கியதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாக யாரிடம் இருந்தது? மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். அவரே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் நின்று பேசினார். நாட்கூலி சில வெள்ளி மட்டுமே இருந்த காலத்தில், நமது பாட்டன் பாட்டிகள் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள். கெடா புக்கிட் சிடிம் தோட்டத்தை முதன்முதலாக வாங்கினார்கள். இன்று பிரிக்பீல்ட்சில் நீங்கள் நடக்கிற பெரிய சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். அக்காவிடம் முந்நூறு வெள்ளி வாங்கிய மாடி அறையும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தது என்று நினைக்கும்போது என்ன சொல்வது!

அந்தப் பங்குகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. பங்குக்காரர்களில் பலபேர் உயிரோடு இல்லை. கூட்டுறவுச் சங்கத்தின் தலைமையகம் கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் சுலைமானில், விஸ்மா துன் சம்பந்தனில் இருக்கிறது. ரசீது இருந்தால் ரசீதோடும், இல்லாவிட்டால் இறந்தவரின் பெயர், அடையாளக் கார்டு எண், தோட்டத்துப் பெயர் ஆகியவற்றோடும் போய்க் கேளுங்கள். அக்காவின் தாத்தா பங்குக்கு வாரிசுகள் ஏழு பேர். அத்தைமார், சித்தப்பன்மார் பிள்ளைகள் என்று சிரம்பான் வரைக்கும் சிதறிக் கிடக்கிறார்கள். ஏழு பேரையும் ஓரிடத்தில் உட்கார வைப்பதுதான் இப்போதைய வேலை. இதில் இரண்டு பேருக்கு 2003-லிருந்து பேச்சுவார்த்தை கிடையாது!

மைக்கா பங்கு வாங்கியவர்களும் நம் வீடுகளில் உண்டு. ம.இ.கா. 1982-இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்சில், சுமார் 66,000 இந்தியர்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்தவர்கள் உண்டு, கடன் வாங்கியவர்கள் உண்டு. அந்தக் கதையை எழுதினால் இந்தப் பக்கம் முழுவதும் போதாது. 2010-இல் ஒரு தனியார் கம்பெனி பங்கு ஒன்றுக்கு 80 காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தது. பெற்றோர் அதற்கு முன்பே இறந்திருந்தால், அந்தக் காசு வாங்கப்பட்டதா இல்லையா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

நமது பாட்டன்மார்களுக்குப் பொதுவாகவே ஒரு நிதி இருந்தது என்பது இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1907-இல் தமிழ்க் குடியேற்ற நிதி என்று தொடங்கினார்கள். முதலாளிமார் கட்டிய பணத்தில் சஞ்சிக்கூலிக்குப் பதில் சனத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். ஆள் வரத்து நின்ற பிறகும் பணம் மிச்சம் இருந்தது. 1958-இல் அதைத் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி ஆக்கினார்கள். 1999-இல் சட்டம் போட்டு அதைக் கலைத்துவிட்டார்கள். வாரிசுகள் நாம் இருந்தோம். யாரும் நம் விலாசத்துக்குக் கடிதம் போடவில்லை.

இனி, எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று கேட்பவர்களுக்கு. இறந்தவருக்கு இ.பி.எப். இருந்ததா என்று முதலில் அங்கே கேளுங்கள். நோமினி இருந்தால் நேராக அவர் வாங்கலாம். ஐம்பத்தைந்து ஆனதும் எடுத்திருப்பார் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். இரண்டு தோட்டத்தில் இரண்டு எண்ணில் காசு கட்டியவர்கள் உண்டு, ஒரு எண்ணை எடுத்துவிட்டு இன்னொன்றை மறந்தவர்களும் உண்டு. வேலையில் இருக்கும்போதே இறந்தவர் என்றால் சொக்சோவையும் கேட்க வேண்டும். விதவைக்கும் பிள்ளைகளுக்கும் மாதாந்திரப் பணம் கிடைக்க வழியிருக்கும். நிலம், வீடு இல்லாமல் பணம், பங்கு மட்டும் இருந்து, மொத்தம் ஆறு லட்சம் வெள்ளிக்கு மேற்படாமலும் உயில் இல்லாமலும் இருந்தால், அமானா ராயாவிலேயே காரியத்தை முடிக்கலாம். வீடோ நிலமோ இருந்தால் நில அலுவலகம். 1955-ஆம் ஆண்டுச் சிறு சொத்துச் சட்டத்தின் வரம்பை 2024 ஜூலையில் ஐம்பது லட்சம் வெள்ளிக்கு உயர்த்தியிருக்கிறார்கள். ஆகவே நம்மவர்கள் வக்கீலைத் தேடி ஹைகோர்ட்டுக்கு ஓட வேண்டிய தேவை அநேகமாக வராது.

இதைப் படிக்கிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் இ.பி.எப். நோமினி யார்? கலியாணத்துக்கு முன்னே அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு இருபது வருடமாகச் சும்மா இருக்கிறீர்களா? நாமும் அப்படித்தான் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். அக்காவின் காரியமாக அலைந்த பிறகுதான் நம் வீட்டுக்காரி பெயரைப் போட்டோம். “இத்தன நாளா என்னாங்க பண்ணீங்க?” என்று அவர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னதே அக்காதான். காரணம் அவருடைய தம்பி.

1999-இல் அந்தத் தம்பி வீட்டில் கோபித்துக்கொண்டு ஜொகூர் பக்கம் வேலைக்குப் போனவர். கொஞ்ச காலம் கடிதம், பிறகு ஒரு டெலிபோன் எண், பிறகு அதுவும் இல்லை. அம்மா இறந்தது அவருக்குத் தெரியாது. அவருடைய மூன்றில் ஒரு பாகம் இன்னும் அமானா ராயாவிலேயே அவர் பெயரில் இருக்கிறது. அக்கா வாங்க முடியாது. அவர் அடையாளக் கார்டோடு வந்துதான் வாங்க வேண்டும். பெயரையும் தோட்டத்தையும் போடட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார். கடன்காரர்கள் யாராவது இருந்து, அவர்களும் தேடிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது என்கிறார்.

“பேரு வேணாம் தலைவரே. ராயர் தாத்தா வந்துட்டாருன்னு மட்டும் போடுங்க. அவனுக்குப் புரிஞ்சிடும். காசுக்காக வர வேணாம். அம்மா வருசத் திதி கார்த்திகையில வருது, அதுக்கு வந்தாப் போதும்.”

ஜொகூரிலோ சிங்கப்பூர் எல்லையிலோ, செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ, இந்தப் பக்கத்தைப் படிக்கிற தோழர்கள் பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கிள்ளான் பக்கத்துக்காரர், நாற்பத்தேழு நாற்பத்தெட்டு வயது, சின்ன வயதில் தீபாவளிக்கு வாசப்படியில் உட்கார்ந்து ராயர் தாத்தா காடிக்குக் காத்திருந்தவர். அவர் கிள்ளானில் நமது கிளைக்கு வந்து டின்னைக் கேட்கலாம். தம்பி வரும்வரை இங்கேயே இருக்கட்டும் என்று அக்கா அதை நம் அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.